அப்படியே பாடினால் போதுமா

நண்பர் ஒருவர் ‘செந்தூரப் பூவே’ பாட்டின் கவர் ஒன்றை, அதாவது அசலை வேறொருவர் மறுபடி பாடிய பதிவை, அனுப்பியிருந்தார். பாடியது யாரோ ஓர் இளம்பெண். நல்ல குரல், நல்ல பயிற்சி. கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: “கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க, அப்படியே ஜானகியம்மா!” கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். உண்மைதான். மூச்சு எடுக்கிற இடம், சொல்லை லேசாக இழுத்து விடுகிற இடம், குரல் நெகிழ்கிற இடம் எல்லாமே 1977இல் ‘16 வயதினிலே’ படத்துக்காக எஸ். ஜானகி பாடி வைத்தபடியே இருந்தன. அதற்காக அந்தப் பெண் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால் மரியாதை வருகிறது. ஆனால் பாட்டு முடிந்த கையோடு நான் ஜானகியின் பாட்டைத் தேடிப் போட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். அந்தக் கவர் என்னை அசலிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மறுபடி அதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து அந்த ‘அப்படியே’ மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம்மிடையே மறுபடி பாடுகிறவருக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு அதுதான். மெல்லிசைக் கச்சேரியில் வாத்தியக்காரர்கள் நன்றாக வாசித்தால் “ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சு” என்போம். தொலைக்காட்சிப் போட்டியில் ஒரு சின்னப் பையன் எஸ்.பி.பி. சிரித்த இடத்தில் சிரித்துவிட்டால் நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். ஒருவர் வேறு மாதிரிப் பாடினால், “நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ஃபீல் வரலையே” என்ற பதில் தயாராக இருக்கிறது. எனக்கோ ஒரு பாட்டையும் அதைப் பிறகு பாடியவர்களையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்பதும், கேட்டதைக் குறித்து வைப்பதும் வெகுநாளைய பழக்கம். இந்தப் பழக்கத்தில் எனக்கு நெருக்கமாகிப்போன கவர்களில் ஒன்றுகூட ‘அப்படியே’ வகை கிடையாது. அப்படியென்றால் அந்தப் பாராட்டு எதைப் பாராட்டுகிறது? மறுபடி பாடுகிற ஒருவரிடம் நாம் உண்மையில் எதை எதிர்பார்க்க வேண்டும்?

இடையிசையும் பாட்டுதான்

முதலில் ‘அப்படியே’ பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் நிறையவே இருக்கிறது. தமிழ்த் திரைப்பாட்டு என்பது வெறும் மெட்டும் வரியும் சேர்ந்தது கிடையாது. ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டை யாரையாவது முணுமுணுக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் யேசுதாஸ் பாட ஆரம்பிக்கும் முன்பே தொடங்கிவிடுவார்கள். வாயாலேயே அந்தக் கிட்டாரை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பல்லவிக்கு வருவார்கள். 1980இல் வந்த ‘மூடுபனி’, இளையராஜாவுக்கு நூறாவது படம். அந்தக் கிட்டார், சரணத்துக்கு முன்னால் வருகிற வயலின்கள், அடியில் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும் பேஸ் கிட்டார் எல்லாமே அவர் ஸ்வரம் ஸ்வரமாக எழுதிக் கொடுத்தவை. யாரோ ஒரு வாத்தியக்காரர் அந்த நேரத்தில் தோன்றியதை வாசித்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆக, கவர் பாடுகிற ஒருவர் இடையிசையை விட்டுவிட்டு நேராகச் சரணத்துக்குப் போனால், கேட்கிறவருக்குப் பாட்டில் ஒரு வரியை முழுங்கிவிட்ட மாதிரி இருக்கும். அந்தக் கோபம் நியாயமானது.

மேற்கே நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே ஒருவர் பாட்டை எழுதுவார். மெட்டும் வரிகளும் ஸ்வரக்குறிப்பாக அச்சாகி விற்கும். யார் வேண்டுமானாலும் தங்கள் வாத்தியங்களோடு பாடிக்கொள்ளலாம் என்பது அங்கே ஒலிப்பதிவு வருவதற்கு முன்பே இருந்த பழக்கம். பியானோ தானாக வாசிப்பதற்கான துளையிட்ட காகிதச் சுருள்கள் வந்தபோது எழுதியவருக்குப் பணம் தராமலே பாட்டுகள் பரவின. அதையொட்டித்தான் 1909இல் அமெரிக்கச் சட்டம், ஒரு பாட்டு ஒருமுறை உரிமையாளரின் சம்மதத்தோடு பதிவாகிவிட்டால் பிறகு யாரும் குறிப்பிட்ட தொகையைச் செலுத்திவிட்டு அதைப் பதிவு செய்யலாம் என்றது. பின்னால் வந்த 1976ஆம் ஆண்டுச் சட்டம், பாடுகிறவர் தன் பாணிக்குத் தக்கபடி வாத்திய அமைப்பை மாற்றிக்கொள்ளலாம், அடிப்படை மெட்டையும் பாட்டின் குணத்தையும் மட்டும் மாற்றக் கூடாது என்று வைத்தது. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 31சி என்று ஒரு பிரிவு வந்தது. முதல் ஒலிப்பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகு, உரிமைத்தொகை செலுத்தி யாரும் கவர் வெளியிடலாம். ஆனால் தொழில்நுட்ப ரீதியாகத் தவிர்க்க முடியாத மாற்றம் தவிர, வரியிலோ இசையிலோ கை வைக்கக் கூடாது. சட்டமும் நம் ரசிகரும் கிட்டத்தட்ட ஒரே குரலில் பேசுவதாக எனக்குப் படுகிறது: பாடு, ஆனால் அப்படியே பாடு.

எழுதியவரின் உரிமையைக் காப்பதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. என் கேள்வி காதைப் பற்றியது. சட்டத்துக்கு அசல் எது என்று தெரிந்தாக வேண்டும். நம் காதுக்கு அது நிஜமாகவே தெரியுமா?

எது அசல்

‘சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா’ என்று சொன்னதும் உங்கள் மனதில் ஒரு மெட்டு ஓடியிருக்கும். காபி ராகத்தில் தொடங்கி ராகம் ராகமாக மாறி, ராகமாலிகையாக நகர்ந்து போகிற அந்த மெட்டு. அதுதான் பாரதியார் பாட்டு என்று கைக்குழந்தைக்குப் பாடுகிறவர் முதல் கச்சேரி மேடையில் துக்கடாவாகப் பாடுகிறவர் வரை எல்லோரும் நம்புகிறோம். ஆனால் கண்ணன் பாட்டைப் புரட்டிப் பாருங்கள். அந்தப் பாட்டின் தலையில் ராகம் பைரவி, தாளம் ரூபகம் என்று போட்டு, ஸ்வரமும் கொடுத்திருக்கும். பாரதி பாடிய சின்னஞ்சிறு கிளி பைரவியில் பறந்தது. நாம் பாடுவது சி.ஆர். சுப்பராமன் 1951இல் ‘மணமகள்’ படத்துக்குப் போட்ட மெட்டு, படத்தில் எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடியது. பாரதி 1921லேயே போய்விட்டார். நம் காதில் அசலாக உட்கார்ந்திருப்பது அவர் கேட்டே இராத ஒரு மெட்டு. இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பாட்டுக்கு அந்த மெட்டு ஒரு வரப்பிரசாதம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ‘அப்படியே’ என்ற சொல்லை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதன்படியே?

கர்நாடக இசையில் இந்தக் கேள்விக்கு இன்னும் நீளமான வரலாறு உண்டு. தியாகராஜர் 1847இல் மறைந்தார். ஒலியைப் பதிவு செய்யும் எடிசனின் ஃபோனோகிராஃப் வந்தது 1877இல். தியாகராஜர் குரலில் ‘எந்தரோ மகானுபாவுலு’ எப்படி ஒலித்தது என்று சொல்ல ஒரு ஒலித்தட்டு கிடையாது. இருப்பதெல்லாம் சீடர்கள் வழி வந்த பாடாந்தரங்கள், அதாவது பாடும் முறைகள்: உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று மூன்று பரம்பரைகள், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளில் ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. அங்கே நல்ல பாடகரை எடைபோடும்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்தே பார்ப்பார்கள். பாடாந்தரம் சுத்தமாக இருக்கிறதா? ஒரு வரியைத் தன் கற்பனையில் விரித்துப் பாடும் நிரவலில் இவர் என்ன சொல்கிறார்? குருவைப் போலவே பாடுவது முதல் படி. அதோடு நின்றுவிட்டால் “குருவோட நகல்” என்று சொல்லி அடுத்த கச்சேரிக்குப் போய்விடுவார்கள். அதே காதுதான் திரைப்பாட்டுக்கு வரும்போது நகலைக் கேட்கிறது. நூறு ஆண்டுகளாக ஒரு கீர்த்தனையைப் பலவிதமாகக் கேட்டுப் பழகிய நம் சமூகம், ஒரு சினிமாப் பாட்டை மட்டும் ஒரே விதமாகத்தான் கேட்பேன் என்று ஏன் பிடிவாதம் பிடிக்கிறது?

ஒலிப்பதிவுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு பாட்டு ஒரே ஒரு வடிவத்தில் நம்மிடம் வந்து சேர்ந்து, வானொலியில், டேப்பில், செல்போனில் ஆயிரம் முறை அச்சு பிசகாமல் திரும்பத் திரும்ப ஒலித்தால், அதில் எது பாட்டு, எது அன்றைக்கு அந்த ஸ்டூடியோவில் தற்செயலாக நடந்தது என்ற பிரிவே அழிந்துவிடுகிறது. பாடகர் அன்று எடுத்த மூச்சுகூடப் பாட்டின் அங்கமாகிவிடுகிறது. அதோடு, எது முதலில் காதில் விழுகிறதோ அதுவே அசலாகிவிடுகிறது. கனடாவின் பாடகரும் பாடலாசிரியருமான லெனார்ட் கோஹனின் ‘ஹல்லேலூயா’வை நான் அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லி குரலில்தான் முதலில் கேட்டேன். வெகுநாள் கழித்துக் கோஹன் பாடியதைக் கேட்டபோது யாரோ ஒரு பெரியவர் பக்லி பாட்டை வேறு மாதிரி பாடிப் பார்ப்பதாகவே காது எடுத்துக்கொண்டது. தலைக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியவில்லை.

விட்டதும் வைத்ததும்

அந்த ‘ஹல்லேலூயா’ வந்த பாதையைக் கொஞ்சம் பின்தொடரலாம், ஏனென்றால் கவர் என்ற வேலையின் சூட்சுமம் அதில் இருக்கிறது. கோஹன் அதை 1984இல் ‘வேரியஸ் பொசிஷன்ஸ்’ ஆல்பத்தில் வெளியிட்டார். அந்த ஆல்பத்தை அவருடைய அமெரிக்கக் கம்பெனி வெளியிடவே மறுத்துவிட்டது. பாட்டும் பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை. அவர் அதற்காக எழுதிக் குவித்திருந்த சரணங்கள் ஏராளம். 1991இல் கோஹனுக்கு மரியாதை செய்யும் தொகுப்பு ஒன்றுக்காகப் பாடகர் ஜான் கேல் அதைப் பாட முடிவு செய்து வரிகளைக் கேட்டபோது, ஃபேக்ஸில் பக்கம் பக்கமாக வந்து விழுந்தனவாம். கேல் அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டார். சாமி பாட்டு மாதிரி தொனித்த வரிகளைக் குறைத்து, காதலும் காமமும் தோல்வியும் கலந்த வரிகளைக் கூட்டினார். கூட்டத்தோடு பாடப்பட்ட பாட்டு ஒரு பியானோவுக்கும் ஒரு குரலுக்கும் சுருங்கியது. பக்லி 1994இல் பாடியது கேலின் இந்த வடிவத்தைக் கேட்டுத்தான். இன்று உலகெங்கும் மேடைகளில் ஒலிக்கும் ‘ஹல்லேலூயா’ பெரும்பாலும் கேல் பொறுக்கி எடுத்தது. அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. எதை விடலாம் என்று மட்டும் முடிவு செய்தார்.

இதைக் கவனித்த பிறகு என் குறிப்புகளின் போக்கே மாறிவிட்டது. முன்பு ஒரு கவரைக் கேட்டால் புதிதாக என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கண்ணில் முதலில் படுவது அதுதானே. நம் ரீமிக்ஸ்களைப் பற்றிய சர்ச்சை முழுக்க அதைச் சுற்றித்தான் நடந்தது. 1970இல் டி.எம்.எஸ். பாடிய ‘பொன்மகள் வந்தாள்’ 2007இல் ‘அழகிய தமிழ்மகன்’ படத்துக்கு வந்தபோது புதிய தாளக்கட்டு சேர்ந்தது, ராப் சேர்ந்தது. பிடித்தவர்களும் சேர்த்ததைப் பற்றியே பேசினார்கள், பிடிக்காதவர்களும் அதைப் பற்றியே பேசினார்கள். இப்போதெல்லாம் நான் முதலில் விட்டது எது என்று பார்க்கிறேன். சேர்ப்பதற்கு வசதி இருந்தால் போதும், ஒரு ட்ராக்கின் மேல் இன்னொரு ட்ராக் போட்டுக்கொண்டே போகலாம். விடுவதற்கு அந்தப் பாட்டு எதன்மேல் நிற்கிறது என்று பாடுகிறவருக்கு ஒரு தீர்மானம் இருந்தாக வேண்டும். வீட்டில் ஒரு சுவரை எடுப்பதானால் மேலே இருக்கும் பாரம் எங்கே இறங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் இல்லையா, அந்த மாதிரி.

விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை 1952இல் ப்ளூஸ் பாடகி பிக் மாமா தார்ன்டன் பாடினார். ஓசியில் உட்கார்ந்து தின்றுகொண்டு நாடகம் போடும் ஓர் ஆணை வாசலுக்கு வெளியே தள்ளும் பெண்ணின் குரல் அது. அந்த அதட்டலும் நக்கலும்தான் பாட்டு. ஒரு லாஸ் வேகாஸ் இசைக்குழு அதை எடுத்து, பெண் ஆணைத் திட்டும் வரிகளை விட்டுவிட்டு முயல் பிடிக்கத் தெரியாத நாயைப் பற்றிய வரியைப் போட்டது. எல்விஸ் பிரெஸ்லி 1956இல் பாடியது அந்த வடிவத்தை. உலகமே ஆடியது. ஆனால் பாட்டில் இருந்த அந்தப் பெண் காணாமல் போய்விட்டாள், நிஜ நாய் ஒன்றுதான் மிச்சம். எல்விஸ் பாடிய துள்ளல் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் தார்ன்டனைக் கேட்டபின் அந்த இழப்பு காதில் உறுத்தாமல் இருப்பதில்லை. இதற்கு நேர் எதிரே ‘ரெஸ்பெக்ட்’. ஓடிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடியபோது அது வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண், மனைவியிடம் கேட்கும் மரியாதை. 1967இல் அரீதா ஃப்ராங்க்ளின் அந்த ஆணை அப்படியே இறக்கிவிட்டு அவன் இடத்தில் தான் நின்றுகொண்டார். ஆர், இ, எஸ், பி என்று ஓர் எழுத்து விடாமல் அடுக்கி அதட்டும் இடம் ரெடிங்கின் பதிவில் கிடையவே கிடையாது. அதே வருடம் மான்டரே இசை விழா மேடையில் ரெடிங்கே, ஒரு பெண் தன்னிடமிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்ட பாட்டு என்று சொல்லித்தான் அதைப் பாடினார். எழுதியவர் என்ற முறையில் வானொலியில் ஒலித்தபோதெல்லாம் பணம் அவர் பக்கம்தான் போனது. அமெரிக்க வானொலி பாடியவருக்கு ஒன்றும் தருவதில்லை. பாட்டு மட்டும் அரீதாவிடம் நின்றுவிட்டது.

ஒட்டாத அந்த ஸ்வரம்

இதெல்லாம் பிறர் பாடியதைக் கேட்டுக் கண்டுகொண்டது. விரலுக்கே புரிந்த ஒரு இடம் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது. ட்ரென்ட் ரெஸ்னர் தன் நைன் இன்ச் நெயில்ஸ் குழுவுக்காக எழுதி 1994இல் வெளியிட்ட ‘ஹர்ட்’. அதையே கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் 2002இல் பாடினார். கவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் கட்டாயம் இந்த இரண்டையும் இழுப்பார். நானும் எத்தனையோ தடவை இழுத்திருக்கிறேன். இளைஞன் பாடியதை விட முதியவர் பாடியது உருக்கமாக இருக்கிறது, அவர் வாழ்க்கையே அதில் தெரிகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம். நானும் அந்த அளவில்தான் வைத்திருந்தேன். ஒருநாள் கிட்டாரை எடுத்து இரண்டையும் வாசித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

கேஷ் பாடியது சுலபம். சில சாதாரணக் கார்டுகள் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவிடும் பிடிகள்), கிட்டார் படிக்க ஆரம்பித்தவர்கள்கூட வாசித்துவிடலாம். ரெஸ்னருடையதில் விரல் தயங்கியது. அவருடைய கிட்டாரில் இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாது. நம் கணக்கில் சொன்னால், ‘ஸ’ என்கிற ஷட்ஜத்துக்கும், ‘ம’வின் உயர்ந்த வடிவமான பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரம். நம் ராகங்களில் அந்த மத்யமம் வந்தால் பக்கத்திலேயே ‘ப’ என்கிற பஞ்சமம் கைநீட்டிக்கொண்டு நிற்கும், குரல் அங்கே போய் இளைப்பாறும். இங்கே அது எங்கும் போகாது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் வந்து அதே மாதிரி குத்தும். வாசிக்கும்போது கை தானாகவே அதைச் சரிசெய்யப் பார்க்கிறது. ஒரு கட்டம் தள்ளி வைத்தால் இனிமையாகிவிடும் என்று விரலுக்குத் தெரியும். தள்ளாமல் அங்கேயே அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கிட்டாருக்கு மேலே ரெஸ்னரின் குரல் முணுமுணுப்பாக, ஏறக்குறைய நிதானமாகவே போகும். தன்னையே காயப்படுத்திக்கொள்கிற ஒருவன் அமைதியாகப் பேசுகிறான். அவன் கோளாறு கிட்டாரில் இருக்கிறது. கடைசியில் ஒரு பெரும் இரைச்சல் எழும்பி எல்லாவற்றையும் மூடும்.

கேஷ் அந்த ஸ்வரத்தை விட்டுவிட்டார். அவருடைய கார்டுகள் தேவாலயத்தில் வாசிக்கலாம் என்கிற அளவுக்குச் சுத்தமானவை. முதலில் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது, பாட்டின் விஷத்தையே எடுத்துவிட்டார்களே என்று. பிறகு கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அவர் குரலை மட்டும் கேட்டேன். எழுபது வயது, உடம்பு குலைந்திருந்த நேரம். குரல் ஸ்வரத்தின் நடுவில் போய் நிற்க முடியாமல் விளிம்பில் தடுமாறுகிறது, வரியின் முடிவில் காற்று போதாமல் உதிர்கிறது, சில சொற்களில் கரகரக்கிறது. ரெஸ்னரின் கிட்டாரில் ஒட்டாமல் நின்ற அந்த ஸ்வரம் இங்கே தொண்டைக்கு இடம் மாறிவிட்டது. இரண்டு இடத்திலும் அது இருந்திருந்தால் பாட்டு தாங்கியிருக்காது. கிட்டார் சுத்தமாக இருப்பதால்தான் குரலின் சிதைவு அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது. உச்சத்தில் பியானோவில் ஒரே ஸ்வரம் விடாமல் தட்டப்பட்டு, சத்தம் ஏறி ஏறி, சட்டென்று அறுந்துபோகும். அங்கேயும் ரெஸ்னரின் இரைச்சலுக்குப் பதில் ஒன்று இருக்கிறது. கிரீடத்தைப் பற்றிய வரியில் இருந்த கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு முட்கள் என்று வைத்தார், அவ்வளவுதான் வரியில் செய்த மாற்றம். அந்த ஒரு சொல்லில் பாட்டு ஒரு விசுவாசியின் கைக்கு வந்துவிட்டது. 2003 செப்டம்பரில் கேஷ் இறந்துபோனார். கேஷ் பாடிய பிறகு அந்தப் பாட்டு இனித் தன்னுடையது இல்லை என்று ரெஸ்னரே சொன்னார்.

அன்று எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஒரு பாட்டின் உயிர்நாடி எதுவோ அதை ஒரு நல்ல கவர் விட்டுவிடுவதில்லை, இடம் மாற்றி வைக்கிறது. கிட்டாரில் இருந்ததைக் குரலுக்கு, குரலில் இருந்ததை மௌனத்துக்கு, வேகத்தில் இருந்ததைச் சொல்லுக்கு. அதற்கு முதலில் அந்த உயிர்நாடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். ‘அப்படியே’ பாடுகிறவருக்கு அந்தத் தேடல் தேவைப்படுவதில்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் உயிர்நாடியும் எப்படியாவது கூடவே வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அவர் பாடுகிறார். பெரும்பாலும் வருவதில்லை, ஏனென்றால் இன்னொருவர் மூச்சு எடுத்த இடத்தில் தான் மூச்சு எடுப்பதிலேயே அவர் கவனமெல்லாம் போய்விடுகிறது.

நம்மிடமே இருந்தது

இதற்கு வெளியூர் உதாரணங்களே வேண்டாம் என்றும் தோன்றுகிறது. நம் சினிமா இதை எப்போதோ செய்து காட்டிவிட்டது. ஒரே படத்தில் ஒரே மெட்டு இரண்டு தடவை வரும், சந்தோஷத்தில் ஒருமுறை, துக்கத்தில் ஒருமுறை. 1964இல் வந்த ‘புதிய பறவை’யில் ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ அப்படித்தான். இரண்டுமே பி. சுசீலா, இரண்டுக்குமே விஸ்வநாதன்–ராமமூர்த்தி, வரிகள் கண்ணதாசன். முதலாவதில் தாளம் இடுப்பைப் பிடித்து இழுக்கும். அந்தக் கேள்வி கண்ணடிப்பு மாதிரி வந்து விழும். இரண்டாவதில் அதே பல்லவி வேகம் இழந்து வருகிறது, அதே கேள்வி இப்போது வயிற்றைப் பிசைகிறது. துள்ளலை எடுத்துவிட்டதும் சொல்லுக்குள் ஏற்கெனவே இருந்த பயம் மேலே வந்துவிட்டது. சுசீலா இரண்டாம் முறை தன்னையே நகல் எடுத்திருந்தால் நமக்கு அது கிடைத்திருக்குமா? அந்த இரண்டையும் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு பாட்டுக்கு இரண்டு உண்மை இருக்கலாம் என்பதைப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘தம்பிக்கு எந்த ஊரு’ படத்தில் ‘காதலின் தீபம் ஒன்று’ எஸ்.பி.பி. குரலிலும் உண்டு, ஜானகி குரலிலும் உண்டு. ஜானகி அதை எஸ்.பி.பி. பாடியபடியே பாடவில்லை. இதைத்தான் அந்த ‘செந்தூரப் பூவே’ பாடிய பெண்ணிடம் சொல்ல ஆசைப்படுகிறேன். ஜானகியைப் போலவே பாட வேண்டும் என்றால், அவர் செய்த மாதிரி பாட்டுக்குள் தனக்கான ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து அங்கே நின்று பாடிப் பாருங்களேன். உங்களிடம் அதற்கான குரல் இருக்கிறது.

சமீபத்தில் பெயர் தெரியாத ஒருவர் ‘என் இனிய பொன் நிலாவே’ பாடியதைக் கேட்டேன். அந்தக் கிட்டார் முன்னிசை இல்லை. தம்பூராகூட இல்லை, வெறும் குரல். இடையிசை வர வேண்டிய இடத்தில் அவர் பாடாமல் நிறுத்திவிட்டார். அதன் நீளம் முழுக்க அப்படியே காத்திருந்தார். அந்த வெற்றிடத்தில் என் தலைக்குள் வயலின்கள் தானாக ஓடின, சரணத்தை அவர் எடுத்தபோது சரியாக அந்த இடத்தில் வந்து சேர்ந்தன. இளையராஜாவின் இடையிசையை ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல், அதில் ஒரு ஸ்வரம்கூடக் குறையாமல் கேட்க வைத்துவிட்டார் அந்த மனிதர். இடையிசையும் பாட்டுதான் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதை இவரும் நம்புகிறார். அதனால்தான் அதற்கு அவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார். இந்தக் கவரை மட்டும் அடிக்கடி போட்டுக் கேட்கிறேன்.

எனக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. ‘7ஜி ரெயின்போ காலனி’யில் வந்த ‘நினைத்து நினைத்துப் பார்த்தேன்’ பாட்டை ஒரு வயதான குரலில் கேட்க வேண்டும். யுவன் இசையில், நா. முத்துக்குமார் வரிகளில் 2004இல் கே.கே. பாடியபோது அது நேற்றுப் பறிகொடுத்த ஒரு பையனின் வலி. பெண் குரலில் ஷ்ரேயா கோஷலும் பாடியிருக்கிறார். இரண்டிலும் காயம் பச்சையாக இருக்கிறது. ஆனால் நினைத்து நினைத்துப் பார்ப்பது என்பது எழுபது வயதில் வேறு வேலை. பார்க்கப் பார்க்க முகமே மங்கிப்போகிற வயது அது. அந்த மெட்டின் ஏற்றங்களை எட்டிப் பிடிக்க முடியாத ஒரு குரல், எட்டாத இடங்களைப் பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனால் போதும், தாளமும் வேண்டாம், ஒரே ஒரு கிட்டாரோ ஆர்மோனியமோ இருந்தால் சரி. நம்மிடம் மேடையை விட்டு ஒதுங்கிவிட்ட பாடகர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு அவர்களுடைய பழைய பாட்டையே அந்தக் காலத்துக் குரலில் பாடச் சொல்கிறோம், முடியாதபோது பரிதாபப்படுகிறோம். யாராவது ஒருவர் அவர்களில் ஒருவரிடம் போய், நேற்று வந்த ஒரு பாட்டைக் கொடுத்து, இன்றைக்கு உங்களிடம் இருக்கிற குரலில் பாடுங்கள் என்று கேட்டால் நன்றாக இருக்கும். கேட்பவர் இசையமைப்பாளராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. செல்போனில் ஒரு பதிவு போதும், அனுப்பி வைத்தால் கேட்க நான் தயார்.